மாதாவுக்குச் சேர வேண்டிய முடி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து இரண்டு காகிதங்கள் ஒட்டியிருந்தன. ஒன்று என் மகளின் பழைய போட்டோ. அப்போது அவளுக்கு ஐந்து வயது. வெள்ளைக் கவுன், முதுகில் அட்டையில் வெட்டிய இறக்கை, தலை மட்டும் உரித்த தேங்காய் மாதிரி மொட்டை. இன்னொன்று, அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கிரெச்சில் என் பேரனைச் சேர்ப்பதற்கான ஃபாரம். எனக்குப் படிக்கத் தெரியாது. மேலே ஒரு வாத்துப் படம் இருந்ததால் அதை அடையாளம் வைத்திருந்தேன். காலையில் கொண்டுபோய் விட்டால் சாயங்காலம் வரைக்கும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, கையெழுத்தும் போட்டு, தேதியை மட்டும் விட்டு வைத்திருந்தாள்.

“தேதி போட ஒரு நிமிஷம் போதும்ப்பா,” என்பாள். தினமும் டியூட்டிக்குக் கிளம்பும்போது வாத்தை ஒருமுறை பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

பையன் போய்விட்டால் பகல் முழுக்க அந்த வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும்தான். அது அவ்வப்போது உறுமும். அதைத் தவிரப் பேச்சுக்கு ஆள் கிடையாது.

மொட்டைப் போட்டோ இருந்ததால்தான் வாத்து ஃபாரம் வந்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் எதைச் சொன்னாலும் பின்னால் போய்த்தான் வருவேன். அதற்குள் என் மகள் சோறு வடித்து இறக்கிவிடுவாள். இந்தப் போன் பரவாயில்லை. நான் பேசப் பேச எழுதிக்கொள்கிறது, ஒரு தடவைகூட கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

தூத்துக்குடியிலிருந்து டெல்லிக்கு வந்து, ரிட்டயர் ஆகும்வரை ஒரு அரசாங்க ஆபீஸ் கேண்டீனில் வடை போட்டேன். என் வடையைத் தின்றுவிட்டு நாட்டை நடத்தியவர்கள் எத்தனையோ பேர். நாடு இப்படி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு எழுத்து வராது, கணக்கு வராது, ஆனால் மீசை வந்தது. நல்ல மீசை. பெரிய ஆபீசர்கள்கூட “மீசைக்கார மதராஸி எங்கே?” என்று கேட்டுத்தான் டீ சொல்வார்கள். பதினெட்டு வயதில் வைத்தது. தலையில் இருந்ததெல்லாம் போய், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒதுங்கி நின்ற பிறகும் மீசை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அப்போது டெல்லி மோதி பாக்கில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். என் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூட்டி, எனக்கு லீவு. மகள் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். பார்த்தால் பேன். ஒன்றிரண்டு இல்லை, குடும்பம் குடும்பமாக. நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் கண்ணாடி மாட்டியிருந்த நாவிதர் முன்னால் உட்கார வைத்தேன். ஐந்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது. இவ்வளவு சுலபமான காரியத்துக்குப் பெண்கள் ஏன் வருஷக்கணக்காகச் சீப்பை வைத்துப் போராடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம் இருந்ததும், மாதாவிடம் வந்து செய்தி சொல்லும் சம்மனசு, அதாவது தேவதூதர் வேஷம் என் மகளுக்குக் கிடைத்திருந்ததும், அதற்காகவே என் மனைவி அந்த முடியை ஒரு வருஷமாக வளர்த்ததும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட, சொல்லியிருந்தாள், நான் கேட்கவில்லை.

என் மனைவி வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. எதுவானாலும் பிள்ளை வழியாகத்தான்.

“ஒங்கப்பாகிட்ட சோறு ஆறுதுன்னு சொல்லு.”

அந்த மொட்டை என் முன்னால் வந்து நின்று, “சோறு ஆறுதாம்,” என்று சொல்லும். அடுத்த அறை நான்கு அடி தூரம்.

நாடகத்தன்று பஞ்சை உருட்டி வட்டமாகச் செய்து அந்தத் தலையில் ஒட்டினாள். பாதி வசனத்தில் பஞ்சு வழுக்கி மூக்குக்கு வந்துவிட்டது. மாதா வேஷம் போட்ட பிள்ளை சிரித்துவிட்டது. அந்த வருஷம் எங்கள் பங்குக் கோயிலில் ஆண்டவர் பிறக்கப்போகும் செய்தி யாருக்கும் முழுதாகக் கேட்கவில்லை.

என் மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. அவள் விட்டுப்போன கோபத்தை மகள் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

இனி பேரன் கதை. மருமகனுக்கு அசாமில் எண்ணெய்க் கம்பெனி வேலை. நல்ல மனிதர். வருஷத்தில் மூன்று தடவை வருவார், வந்தால் எல்லாவற்றையும் வீடியோ எடுப்பார். நாங்கள் போகல் என்கிற பகுதியில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பையனுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது, டெல்லியில் புகை இறங்குகிற நவம்பரில், நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். என் மகள் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊசி போட்டவள். அன்றைக்குத் தன் பிள்ளைக்குக் கையில் நரம்பு கிடைக்காமல் இன்னொரு நர்ஸ் தலையில் ஊசி ஏற்றியபோது, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அப்போதுதான் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். இவனுக்கு மூச்சு சரியாகட்டும், இவன் முதல் முடியை முழுசாக உன்னிடம் கொண்டுவந்து தருகிறேன் என்று.

மூச்சு சரியானது. மருந்தா மாதாவா என்று நான் ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அன்று எனக்கு உப்பில்லாத ரசம் கிடைத்தது.

ஆனால் வேளாங்கண்ணி போக முடியவில்லை. முதல் பிறந்தநாளுக்கு மருமகனுக்கு லீவு இல்லை. அடுத்த தடவை பையனுக்கு அம்மை. அதற்கடுத்து டிக்கெட் கிடைத்தது, டெங்கு சீசன் என்று ஆஸ்பத்திரியில் இவளை விடவில்லை. முடி யாருக்காகவும் காத்திருக்குமா? மூன்று வயது நெருங்கும்போது தோளைத் தொட்டது.

இதற்கிடையில், பிள்ளைக்காக எடுத்த லீவெல்லாம் தீர்ந்து மகள் முழு டியூட்டிக்குத் திரும்பிய அன்று எனக்குச் சட்டம் சொல்லப்பட்டது.

“எப்பா, நீங்க என்ன வேணும்னாலும் பண்ணுங்க. டிவி போடுங்க, எனக்குத் தெரியும் போடுவீய. பராட்டா குடுங்க. ஆனா கத்தரிக்கோல் அவன் தலைகிட்ட போச்சுன்னு தெரிஞ்சா, மறுநாளே கிரெச். நான் வெளையாட்டுக்குச் சொல்லல.”

“ஒனக்கு அன்னைக்குப் பேன் போச்சா இல்லையா?”

அவள் மொட்டைப் போட்டோவின் காந்தத்தை ஒருமுறை அழுத்தி வைத்தாள்.

அப்படித்தான் இந்த வயதில் பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொண்டேன். என் மகளை நான் வளர்க்கவில்லை, அவள் அம்மா வளர்த்தாள், நான் இடையில் மொட்டை அடித்தேன். இப்போது தெரிந்துகொண்ட சிலது உண்டு. இந்தப் பையனிடம் எதையும் வேண்டுமா என்று கேட்கக் கூடாது. வேண்டாம் என்றுதான் சொல்வான், கொடுக்காமல் இருந்தால் அழுவான். செருப்பை அவனாகப் போட்டுக்கொள்கிறேன் என்றால் விட்டுவிட வேண்டும், அந்த நேரத்தில் நாம் ஒரு டீ குடித்து, டம்ளரைக் கழுவி, பேப்பர் படமும் பார்த்துவிடலாம். எல்லாவற்றையும்விட, உட்காரக் கூடாது. நாம் உட்கார்ந்த நொடியில்தான் அவனுக்குக் கக்கூஸ் வரும். இதை எந்த டாக்டரும் சொல்வதில்லை.

அவன் தமிழ் எங்கள் வீட்டுச் சாம்பார் மாதிரி, கிடைத்ததையெல்லாம் போட்டது. “தாத்தா, ஜல்தி வாங்க, பிஸ்கட் கதம்,” என்பான். பிஸ்கட் தீர்ந்தால்தான் அவனுக்கு உலகத்தில் அவசரம். என் மீசையைப் பிடித்துத்தான் நடை பழகினான் என்று சொன்னால் மிகை. ஆனால் தூங்குவதற்கு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் தூங்கிவிட்டானா என்று பார்க்க நான் லேசாகத் தும்முவேன். பிடி இறுகினால் இன்னும் இல்லை.

தலை வாருவதுதான் தினசரி யுத்தம். ஒருநாள் அவன் போட்ட கூச்சலில் மேல்வீட்டுச் சர்தார்னி இறங்கி வந்துவிட்டாள். சீக்கியப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் மகனுக்கு ஐந்து வயது. என் கையில் இருந்த சீப்பையும் பையனின் தலையையும் பார்த்து, “அங்கிள்ஜி, இது தலை, ரொட்டி சுடும் தவா இல்லை. தேய்க்காதீர்கள்,” என்று இந்தியில் சொல்லிச் சீப்பை வாங்கிக்கொண்டாள். கால்களுக்கு நடுவே அவனை உட்கார வைத்து, நுனியிலிருந்து சிக்கெடுத்து, உச்சியில் சுருட்டிக் கொண்டையாக முடிந்து, ஒரு சின்ன வெள்ளைக் கைக்குட்டையால் கட்டிவிட்டாள். அவர்கள் அதை ஜூடா என்கிறார்கள். அவள் மகன் தலையில் இருப்பது மாதிரியே. பையன் கண்ணாடியைப் பார்த்தான். அன்றோடு அழுகை போயிற்று. தினமும் எட்டு மணிக்குச் சீப்பும் கையுமாக அவனே மாடியேறிவிடுவான்.

அதுவரை பார்க்கில் எல்லோரும் அவனைப் பெண் பிள்ளை என்று நினைத்து, “பேட்டி, இங்கே வா,” என்று மகளாக்கிக் கூப்பிடுவார்கள். ஜூடா வந்த பிறகு வெள்ளைத்தாடிச் சர்தார்கள் பெஞ்சிலிருந்து கைகூப்பி “சத் ஸ்ரீ அகால்” சொல்ல ஆரம்பித்தார்கள். இவனும் கைகூப்பித் திருப்பிச் சொல்வான். பின்னாலேயே மீசையும் வேட்டியுமாக நான் வருவதைப் பார்த்து அவர்கள் கொஞ்சம் குழம்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கும் அதே கொண்டையோடுதான் வருவான். பங்குச் சாமியார் ஒருநாள் கோயில் வாசலில் நிறுத்தி அவன் கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“என்ன பெரியவரே, பேரன் மதம் மாறிட்டானா?”

“இல்ல சாமி. டிக்கெட் கெடைக்கல, அதான்.”

சர்தார்னிக்கு எங்கள் நேர்ச்சையைச் சொன்னபோது சீப்பு அப்படியே நின்றுவிட்டது. “இவ்வளவையும் எடுத்துவிடுவீர்களா? முழுசாகவா?” என்றாள். அவள் வீட்டில் பிறந்ததிலிருந்து ஒருவர் முடியிலும் கத்தி பட்டதில்லை. பிறகு பெருமூச்சு விட்டு, “சரி, உங்கள் மாதாவுக்கு நல்ல முடியாகவே போகட்டும்,” என்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்தாள்.

என் வாழ்க்கையில் முடி சம்பந்தப்பட்ட தப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். ஹோலி முடிந்த வாரம். மகளுக்குக் காலை டியூட்டி, இரண்டரைக்கு வருவாள். நான் பேரனையும் மேல்வீட்டுப் பையனையும் பார்க்குக்குக் கூட்டிப்போனேன். வெயில் இதமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்காரக் கூடாது என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். கண்ணை மூடியது ஐந்து நிமிஷம்தான், அதிகம் போனால் அரை மணி நேரம். விழித்தபோது பேரன் என் எதிரில் நின்றுகொண்டிருந்தான். கொண்டை அவிழ்ந்து, ரோஸ் நிறப் பபிள்கம் ஒன்று பின்மண்டையில் நன்றாக ஒட்டி, அதை இழுக்கப்போய் அது நாலு திசைக்கும் நூல் விட்டிருந்தது.

பெரியவன் கையைக் கட்டிக்கொண்டு, “தாதாஜி, நான் கொடுக்கவில்லை. நான் துப்பினேன், அவன் எடுத்தான்,” என்று நியாயம் சொன்னான்.

வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் ஊற்றினேன், இன்னும் இறுகியது. சோப்புப் போட்டேன், நுரையோடு இறுகியது. ஃப்ரிட்ஜில் வாத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்தது ஒரே கத்தரிக்கோல். ஐ.என்.ஏ மார்க்கெட்டில் மீன் வாங்கினால் செதிலும் துடுப்பும் நறுக்குவதற்கு நான் வைத்திருப்பது. ஒரே ஒரு கொத்தை மட்டும் எடுத்துவிட்டால், மேல்முடி அதை மூடிவிடும், யாருக்குத் தெரியப் போகிறது என்று கணக்குப் போட்டேன். எனக்குக் கணக்கு வராது என்று முன்னாலேயே சொன்னேன்.

முதல் கொத்து கையோடு வந்தது. பையன் அலறிய அலறலில் சர்தார்னி மாவுக் கையோடு ஓடி வந்தாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள். நான் அவன் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தால்கூட அவள் முகம் அப்படிப் போயிருக்காது. அதை வாங்கித் தூரமாக வைத்தாள். கடுகெண்ணெய் கொண்டுவந்து, பபிள்கம் மேல் ஊற்றி, விரலால் உருட்டி உருட்டி, அரை மணி நேரத்தில் மீதி அத்தனையையும் ஒரு முடி அறாமல் எடுத்துவிட்டாள்.

“அங்கிள்ஜி, என் மகன் தலையில் மாதம் இரண்டு தடவை இது ஒட்டும். எங்கள் வீட்டில் கத்தரிக்கோலா எடுக்கிறோம்? ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?”

கொடுத்திருக்கலாம். ஒரு மாடி தூரம். அந்தக் காலத்தில் நாலு அடி தூரத்துக்கே எனக்குக் குரல் வரவில்லை.

வெட்டிய கொத்தைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மாதாவை நான் பெரிதாகத் தொந்தரவு செய்கிறவன் இல்லை, ஆனால் அது மகள் கொடுத்த வாக்கு. ரோஸ் பபிள்கம்மோடு அப்படியே மடித்து என் பழைய கண்ணாடிக் கூட்டில் வைத்து மூடினேன். பையன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மாகிட்ட சொல்லக் கூடாதுல, என்ன?” என்றேன். “தாத்தா குல்ஃபி வாங்கித் தாரேன்.”

இந்த வயதுக்கு நான் செய்த முட்டாள்தனங்களில் அதற்கு முதலிடம். அவனுக்கு அதுவரை அது ஒரு விஷயமே இல்லை. அதற்கு ஒரு குல்ஃபி மதிப்பு இருக்கிறது என்று நானே சொல்லிக் கொடுத்தேன்.

மகள் வந்து முகர்ந்து பார்த்தாள். “என்ன, தலையெல்லாம் கடுகெண்ணெய்?”

“மேல்வீட்டுல தேச்சு விட்டுச்சு. குளிர்ச்சியாம்.”

“அச்சா,” என்று போய்விட்டாள்.

அடுத்த நாள் இரவுச் சாப்பாட்டில் அவன் என்னைப் பார்த்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி, மெதுவாக விரித்து மூடினான். கத்தரிக்கோலுக்கு இந்தியில் கேஞ்சி. சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, “கேஞ்சி,” என்றான். நான் எழுந்து போய்ப் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தேன்.

“சாப்பிடும்போது என்னப்பா பிஸ்கட்?” என்றாள் மகள்.

“பிள்ள கேக்கான்.”

“அவன் எங்க கேட்டான்?”

அவன் கேட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு மாதம். காலையில் பால் வேண்டாம் என்றால் இரண்டு விரல். என் போன் வேண்டுமென்றால் இரண்டு விரல். வெயிலில் பார்க்கை இன்னொரு சுற்று சுற்ற வேண்டுமென்றால், அதுவும் தோளில் உட்கார்ந்து, இரண்டு விரல். அரசாங்க ஆபீசில் அத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், இவ்வளவு ஒழுங்காக மாமூல் வாங்கியவனை நான் பார்த்ததில்லை. ஒருமுறை “சொல்லிக்கோல போ,” என்று துணிந்து சொன்னேன். உடனே திரும்பி, “அம்மா,” என்று கூப்பிட்டான். அவள் “என்னடா கண்ணா?” என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் தோளைக் குனிந்து கொடுத்தேன்.

ஒருவழியாக மே மாதம் லீவு கிடைத்தது. மருமகன் நேராகச் சென்னைக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். ரயில் முழுக்கப் பையன் ஜூடாவோடு வந்தான். ஆந்திரா தாண்டும்வரை அவனைச் சர்தார் பிள்ளை என்றும், தாண்டிய பிறகு ஏதோ சாமியார் பிள்ளை என்றும் நினைத்துக்கொண்டார்கள். என் கண்ணாடிக் கூடு சட்டைப்பையில் இருந்தது. மொட்டை போடும் இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக அந்தக் கொத்தையும் முடிக்குவியலில் போட்டுவிட்டால் மாதாவின் கணக்கு சரியாகிவிடும், ஊர் திரும்பியதும் வாத்தும் என்னை விட்டுவிடும் என்பது என் திட்டம்.

வேளாங்கண்ணியில் டோக்கன் வாங்கினோம். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். என் மகளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை, அதனால் என் மடி. நாவிதர் கைக்குட்டையை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்தார். கத்தியைப் பார்த்த பிறகுதான் பையனுக்கு விஷயம் புரிந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

“நஹி. எனக்கு ஜூடா வேணும்.”

என் மடியிலிருந்து வழுக்கி இறங்கித் தூணைக் கட்டிக்கொண்டான். மகள் கீழே முட்டி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாகக் கொண்டுவந்த வாக்கு, பத்தடி தூரத்தில் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

“மாதாவுக்குக் குடுக்கணும்ல கண்ணா. அம்மா சொல்லியிருக்கேன்ல.”

பையன் யோசித்தான். பிறகு நல்ல வழி கண்டுபிடித்தவன் மாதிரி முகம் தெளிந்தது. “அம்மா, தாத்தாகிட்ட இருக்கு. தாத்தா கேஞ்சி பண்ணி எடுத்து வச்சிருக்காங்க. அதை மாதாகிட்ட குடு.”

“எதை?”

“முடியை. பாக்கெட்ல.”

எல்லோரும் என் சட்டைப்பையைப் பார்த்தார்கள். மருமகனின் போனும் பார்த்தது. நான் கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தேன். ரோஸ் நிறம் இரண்டு மாதத்தில் கொஞ்சம் கறுத்திருந்தது.

நாவிதர் எட்டிப் பார்த்தார். “பபிள்கம்மும் நேர்ச்சையா பெரியவரே?”

மகள் அவரைக் கவனிக்கவில்லை. அப்படியே அவள் அம்மா முகம்.

“எப்ப நடந்துச்சு?”

“ஹோலி முடிஞ்ச ஞாயித்துக்கெழமை. பிள்ளைங்க வெளையாட்டுல ஒட்டிக்கிடுச்சி. ஒரே ஒரு கொத்துதாம்ட்டி.”

“ரெண்டு மாசமா இவன் கேக்காமலே ஒவ்வொண்ணும் வந்துச்சே, இதுக்குத்தானா?”

“அவன் கேட்டுக்கிட்டேதான் இருந்தான்.”

அவள் கண்ணாடிக் கூட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். பதினோரு நாள் ஆரம்பித்துவிட்டது, இந்தத் தடவை இவன் வழியாகச் செய்தி வருவதற்குக்கூட வழியிருக்காது, இவன் கிரெச்சில் இருப்பான் என்று நினைத்தேன்.

“உக்காருங்க,” என்றாள்.

“யாரு?”

“நீங்கதான். மொத முடியை முழுசாத் தாரேன்னு சொல்லியிருக்கேன். கொறையுதுல்லா, அதை நீங்க குடுங்க.”

“எனக்கு எங்கட்டி இருக்கு முடி?”

“இருக்கது போதும். மீசையும் சேத்து.”

மருமகனைப் பார்த்தேன். அவர் போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, “மாமா, கொஞ்சம் வெளிச்சத்தப் பாத்து உக்காருங்க,” என்றார்.

காதோரம் இருந்தது இரண்டு இழுப்பில் போயிற்று. மீசைக்கு நாவிதரே தயங்கினார். “நெசமாவாம்மா?” என்றார். அவள் தலையை ஆட்டினாள். கத்தி மூக்குக்குக் கீழே வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பேரன் தூணை விட்டுவிட்டு என் எதிரில் வந்து நின்றிருந்தான். என் மேலுதட்டில் ஒரு விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தான். அங்கே அத்தனை வருஷம் வெயில் படாததால் வெளுத்துப்போய் இருந்தது, வீடியோவில் பிறகு பார்த்தேன்.

“தாத்தா, உங்க மூஞ்சி நங்கா,” என்றான். நங்கா என்றால் அம்மணம்.

சிரித்துச் சிரித்து அவனுக்கு விக்கல் வந்துவிட்டது. விக்கலோடு என் மடியில் ஏறி உட்கார்ந்தான். “எனக்கும்,” என்றான்.

அம்மா முட்டி போட்டுக் கெஞ்சியும் கேட்காதவன். இந்தப் பையனிடம் சொல்வது வீண். அவன் கண் முன்னால் நாம் அசிங்கப்பட வேண்டும். அப்போது கேட்பான்.

முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. சர்தார்னி எண்ணெய் வைத்து வளர்த்தது, நல்ல முடி. மகள் கண்ணாடிக் கூட்டிலிருந்து அந்தக் கொத்தை ஆஸ்பத்திரிக்காரி மாதிரி இரண்டு விரலால் எடுத்து, குவியலின் மேல் வைத்தாள். பிறகு அவன் தலையைப் பார்த்தாள். இடது காதுக்கு மேலே பொட்டு அளவில் ஒரு தழும்பு. அன்றைக்கு ஊசி ஏற்றிய இடம். முடி மூடியிருந்ததால் இவ்வளவு நாள் யாரும் பார்க்கவில்லை. அவள் அதன் மேல் கட்டைவிரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. நாவிதர் அதைச் சுற்றியே வழித்தார். மருமகன்கூட போனைத் தாழ்த்திவிட்டார். நான் என் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மீசை இல்லாத வாயை மூடிக்கொள்வது எனக்குப் புதுசாக இருந்தது.

டெல்லிக்குத் திரும்பி நாங்கள் படியேறும் சத்தம் கேட்டுச் சர்தார்னி மகனோடு இறங்கி வந்தாள். இரண்டு மொட்டைகளையும் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள் மகன் முன்னால் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“அம்மா, தாதாஜிக்கும் பபிள்கம் ஒட்டிக்கொண்டதா?” என்றான்.

கடற்கரையில் நானும் பேரனும் சந்தனம் பூசிய தலையோடு நிற்கும் போட்டோவை மருமகன் கடையில் பிரிண்ட் போட்டு அனுப்பினார். மகள் அதை ஃப்ரிட்ஜில் சம்மனசுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வீட்டில் காந்தம் இரண்டுதான். வாத்து ஃபாரத்தின் காந்தத்தை எடுத்தாள். ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், நறுக்குவது நின்றுவிட்டது.

“எப்பா, மறைச்சதுதான் எனக்குக் கோவம். வெட்டுனது இல்ல.”

“சரிட்டி.”

“வேற எதாவது இருக்கா?”

“என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல.”

அவள் ஃபாரத்தைக் கீழே உட்கார்ந்திருந்த பையனிடம் கொடுத்து, “இந்தா, படம் போடு,” என்றாள். அவன் கறுப்புக் கிரேயானை எடுத்து முதல் வேலையாக வாத்துக்குப் பெரிய மீசை வைத்தான்.

மீன் கத்தரிக்கோல் இப்போது பரண் மேலே இருக்கிறது. மீனைக் கடையிலேயே நறுக்கி வாங்கச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டில் அவன் வழக்கம்போல இரண்டு விரலை நீட்டி விரித்து மூடினான். நான் நிம்மதியாக ரசத்தை உறிஞ்சினேன். “அம்மாவுக்குத்தான் தெரிஞ்சிபோச்சேல,” என்றேன். அவன் மறுபடி விரித்து மூடினான். ஒன்றும் வரவில்லை. தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தான், பேட்டரி தீர்ந்த பொம்மையைப் பார்க்கிற மாதிரி. மகள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மோர் எடுக்கப் போனாள்.

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு மொட்டைத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இரண்டு கையையும் கூப்பிக் கன்னத்துக்குக் கீழே வைத்து, கண்ணை மூடி, பார்க் பெஞ்சில் நான் விடுகிற மாதிரியே வாயைத் திறந்து ஒரு சின்னக் குறட்டை விட்டான்.

நான் எழுந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தேன்.